லோகநாதன் டிமிக்கி ஒன்று

அந்தப் பையை மேலே போட வேண்டாம் தம்பி. உள்ளே கம்ப்யூட்டர்தானே? மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன். என் மடியிலும் ஒரு பை இருக்கிறது பாருங்கள். பட்டுப்பாவாடை, கொலுசு, ஒரு சோடித் தோடு. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. வெள்ளகோவில் தாண்டி இறங்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் அங்கேதான் இருக்கிறது.

தாய்மாமன் பஸ்ஸிலா போவான் என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. சீர்த்தட்டெல்லாம் விடியும்போதே வேனில் போய்விட்டது. என் வீட்டுக்காரியும் அதில்தான் போனாள். எனக்கு வேனில் இடம் இல்லையாம். என் வேன் அது. ஆர்.சி. புத்தகத்தில் என் பேர்தான் இருக்கிறது. ஆனாலும் இடம் இல்லை. பரவாயில்லை, அரசாங்கம் பஸ் எதற்கு விட்டிருக்கிறது?

கம்ப்யூட்டர் வேலையா உங்களுக்கு? நல்லதாகப் போயிற்று. எங்கள் மாப்பிள்ளை லோகநாதனுக்கும் அதே வேலைதான். என் தங்கச்சி பிரபாவதியின் வீட்டுக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு வைக்கிற புரோகிராம் எழுதிக் கொடுக்கிறார். அதனால் நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். உலகம் தோன்றின நாளிலிருந்து அப்படித்தான். இதில் எங்கேயாவது கம்ப்யூட்டர் வருகிறதா? எங்கள் வீட்டில் வந்துவிட்டது. இந்த நிமிஷம் வரைக்கும் யார் மடி என்று முடிவாகவில்லை. என் சித்தப்பா மகன் கனகராஜ் வேட்டிக்குக் கஞ்சி போட்டு, மடியைத் தயாராக வைத்துக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருக்கிறானாம். ஒன்றுவிட்ட தாய்மாமன். ஒன்றுவிட்டதெல்லாம் மடி ஆகிவிடுமா தம்பி?

முதலிலிருந்தே சொல்கிறேன். தாராபுரத்தில் எனக்குப் பாத்திர வாடகைக் கடை. கல்யாணம், சீமந்தம், கோயில் அன்னதானம், எதுவானாலும் அண்டா நம்மிடம்தான் வரும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அடுத்தவன் கடை அண்டாவைத் தலையில் சுமந்துதான் இந்தக் கடையை வைத்தேன். அதனால் ஒருத்தன் ஒரு விலை சொன்னால் எனக்கு உடனே நம்பிக்கை வராது. பாதியில் ஆரம்பிப்பேன். கோயில் உண்டியல் தவிர மற்ற இடத்திலெல்லாம் பாதிதான்.

கடையில் கம்ப்யூட்டர் வைத்தோம். எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை பாத்திரம் போச்சு என்று அதில் ஏற்ற வேண்டும். அதற்குப் புரோகிராம் எழுத வெளியாள் ஒருவன் வந்து ஒரு விலை சொன்னான். கம்ப்யூட்டரையும் சேர்த்தே விற்கிறாயா தம்பி என்று கேட்டேன். எழுந்து போய்விட்டான். ரோஷக்காரன். அப்புறம்தான், வீட்டிலேயே ஒருத்தர் இருக்கும்போது எதற்கு வெளியாள் என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவரிடம் விலையே பேசவில்லை. மாப்பிள்ளைக்குக் கூலி கொடுத்தால் மரியாதையாக இருக்குமா?

அவர் வந்து உட்கார்ந்தார். படித்தவர் இல்லையா, ஒரு யோசனை சொன்னார்.

"மச்சான், பொருளை எல்லாம் வரிவரியா வெச்சுக்கலாம். புதுசா ஒரு சாமான் வாங்குனா கீழ ஒரு வரி எழுதிட்டாப் போச்சு."

எனக்கு வரி வேண்டாம் என்றேன். என் குடோனில் அண்டாவுக்கு ஒரு இடம், ஜமக்காளத்துக்கு ஒரு இடம், கரண்டிக்கு ஒரு கூடை. கண்ணால் பார்த்தால் தெரிய வேண்டும். திரையிலும் அப்படியே, சாமானுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் எத்தனை என்று எழுதினால் போதும்.

"கட்டமாப் போட்டா, நீங்க ஒரு வடைச்சட்டி வாங்கற ஒவ்வொரு தடவையும் நான் திருப்பூர்ல இருந்து வரணும் மச்சான்."

"வாங்க மாப்பிள்ளை. உங்களை வர வேண்டாம்னு யாரு சொன்னது? தங்கச்சி வீட்டுக்காரர் வாராவாரம் வந்துட்டுப் போனா ஊரே நம்மளப் பெருமையாப் பேசும்."

 கட்டத்தைப் போட ஆரம்பித்துவிட்டார் பாவம்.

வந்தார், மறுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வந்தார். நான் ஐஸ்கிரீம் கப் வாங்கினேன், வந்து கட்டம் போட்டார். போட்டோ எடுக்கப் பூ வளைவு வாங்கினேன், வந்தார். பெரிய கரண்டி வேறு சின்னக் கரண்டி வேறு என்று எனக்குத் தோன்றியது. அதற்கும் வந்தார். மழையில் நனைந்துகொண்டே வந்த அன்றைக்கு ரசவாளிக்கு ஒரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். போடும்போதே நான் அதைச் சாம்பார் வாளி என்று மாற்றச் சொன்னேன். அப்போது ஒரு பெருமூச்சு விட்டார். அதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், மனிதருக்கு உழைக்கப் பிடிக்கவில்லை என்று.

அடுத்த முறை ஒரு பட்டனோடு வந்தார். அதுதான் தம்பி வினை. கட்டமெல்லாம் இருக்கிற அந்தத் திரைக்கு ஃபார்ம் என்று பேராம், அதன் மூலையில் 'புதுக் கட்டம்' என்று ஒரு பட்டன். அமுக்கினால் பேர் கேட்கும். நீங்கள் பேர் எழுதியதும் திரை ஒரு தரம் கண் சிமிட்டும். பார்த்தால் கடைசிக் கட்டத்துக்குக் கீழே, அதே அளவில், அதே கோட்டில் புதுக் கட்டம், பக்கத்தில் அதன் பேர். ஆள் கை படவே இல்லை.

"ஃபார்ம் ஓடிட்டிருக்கறப்பக் கட்டம் நட முடியாது மச்சான். அதை மூடி, டிசைன்ல தெறந்து, கட்டத்தைப் போட்டு, சேவ் பண்ணி, மறுபடி தெறக்கணும். அத்தனையும் இந்தப் பட்டனே பண்ணிக்கும். இனி நான் வர வேண்டியதில்லை."

எனக்குப் புரிந்தது. முகூர்த்தம் நடக்கும்போது பந்தலுக்குக் கால் நட முடியுமா? எல்லாரையும் எழுப்பி, நட்டு, திரும்ப உட்கார வைக்க வேண்டும். அதைத்தான் கண் சிமிட்டுகிற நேரத்தில் செய்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் முகத்துக்கு நேரே பாராட்டினால் விலை ஏறிவிடும். அதனால், இது மட்டும்தானா என்று கேட்டேன். கொசுறாக இன்னொன்று வாங்கினேன். சில சாமான் எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் போகும். அதை ஒவ்வொரு தரமும் எழுதுவானேன்? அதனால் புதுக் கட்டம் போடும்போதே 'வழக்கமாக எத்தனை' என்று கேட்கும். ஒன்று என்று சொல்லிவிட்டால், அப்புறம் எல்லாப் பில்லிலும் தானாகவே ஒன்று வந்து நிற்கும்.

வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். "கட்டத்துக்கு என்ன பேர் வெக்கறீங்களோ அதேதான் பில்லுலயும் வரும் மச்சான். சாமான் பேரு மட்டும் வைங்க." நான் அப்போது அதைக் கேட்கிற நிலைமையிலா இருந்தேன்? கட்டம் எடுக்கிறதுக்கும் ஒரு பட்டன் கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

"எடுக்கறதுக்கு என்னைக் கூப்புடுங்க. ஒரு ஃபார்முக்கு ஆயுசுக்கும் இத்தனை கட்டம்தான்னு இருக்கு. அழிச்சதும் அந்தக் கணக்குல சேர்த்தி. போட்டுப் போட்டு அழிச்சீங்கன்னா ஒரு நாளைக்கு இனிமே முடியாதுன்னு சொல்லிரும்."

நீங்கள் தலையாட்டுகிறீர்கள், அப்படியானால் நிஜம்தானா? எனக்கு அன்றைக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பி வந்த அண்டாவையும் போனதாகவே எழுதுகிற கடையை யாராவது நடத்துவானா? பட்டன் கொடுக்க மனசில்லை, அதற்கு ஒரு சாக்கு என்று விட்டுவிட்டேன்.

இரும்மா, கொய்யா எப்படி? கூறு அந்த விலையா? காய்க்கிற மரத்தையும் வேரோடு தருவியா? ... அட, பஸ் நகர்ந்துவிட்டது. நல்லதுதான், பழமும் சுமார்தான்.

எங்கே விட்டேன்? வைகாசி. ஒரு மண்டபம் காலி இல்லை, அண்டாவுக்கு ஓய்வில்லை. கட்டமெல்லாம் வெள்ளையாக, துக்க வீட்டு வேட்டி மாதிரி இருப்பதாக எனக்குப் பட்டது. கல்யாணக் கடைக்கு மங்கலமாக மஞ்சள் நிறம் வேண்டாமா? மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், ஞாயிறு வந்து மஞ்சளாக்கிக் கொடுங்கள் என்று. வர முடியாது என்றார்.

"அப்பாவுக்குத் திதி மச்சான்."

நான் என்ன, திதி வைக்காதே என்றா சொன்னேன்? திதி காலையிலேயே முடிந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தால் சாயங்காலம் கடையில் இருக்கலாம். செத்துப் போனவர் சாயங்காலமும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்வாரா? பக்குவமாகத்தான் சொன்னேன். போன் கட்டாகிவிட்டது. சிக்னல் இல்லை என்று அப்புறம் பிரபாவதி சொன்னாள். திருப்பூரில் சிக்னல் இல்லை.

எனக்குக் கோபம் வராது தம்பி. வந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கையில் என்ன கிடைக்கிறதோ, அதுதான் பிரச்சினை. முன்னாலெல்லாம் கரண்டி கிடைக்கும். அன்றைக்குப் பட்டன் கிடைத்தது. அமுக்கினேன். பேர் என்ன என்று கேட்டது. 'லோகநாதன் டிமிக்கி' என்று போட்டேன். வழக்கமாக எத்தனை என்று கேட்டது. ஒன்று என்று போட்டேன். திரை கண் சிமிட்டியது. வடைச்சட்டிக்குக் கீழே, அதே கோட்டில், அழகாக வந்து உட்கார்ந்தது.

பில் போடுகிற பெண் ரமணி எட்டிப் பார்த்தாள். "இது எதுக்குங்கண்ணா?"

"நம்ம கடை, நம்ம கம்ப்யூட்டரு. யாரு பார்க்கப் போறா? நீ உன் வேலையைப் பாரு."

அவள் என்னை நம்பினாள். சொன்னதைக் கேட்கிற பெண். அதனால்தான் அந்த வைகாசி முழுக்க அது எல்லாப் பில்லிலும் போயிருக்கிறது. அண்டா நான்கு, ஜமக்காளம் பத்து, வடைச்சட்டி இரண்டு, லோகநாதன் டிமிக்கி ஒன்று.

சனங்களைப் பாருங்கள், ஒருத்தராவது கேட்டார்களா? எல்லாரும் அது ஏதோ புது சாமான் என்று நினைத்துக்கொண்டார்கள். மூலனூர்க்காரர் ஒருவர் பாத்திரம் திருப்பி அனுப்பிவிட்டுப் போன் செய்கிறார், "அந்த டிமிக்கியையும் லோடுல ஏத்தியாச்சுங்க, பத்திரமா எறக்கிக்குங்க" என்று. இன்னொரு வீட்டுக்காரர் கடைக்கே வந்து சண்டை. "எங்களுக்கு டிமிக்கியே கொடுக்கலீங்க. சமையக்காரர்கிட்டயும் கேட்டுட்டேன். எங்க தலைல கட்டாதீங்க." ரமணி அவரைச் சமாதானம் செய்து அனுப்பியிருக்கிறாள். நான் அந்த நேரம் பழனிப் பக்கம் ஒரு பந்தல் பேரத்தில் இருந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியாது. இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும், எனக்கு ஒன்றுமே தெரியாது.

அப்புறம் மாப்பிள்ளையின் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். பாத்திரம் நம் கடையிலிருந்துதான். சொந்தம் என்று விலையில் தள்ளுபடிகூடக் கேட்டார்கள், தருவதாகச் சொல்லிவிட்டுத்தான் தராமல் விட்டேன். கல்யாணம் முடிந்து மண்டபத்துப் பின்னால் பாத்திரத்தை எண்ணிப் போடுகிறார்கள். எங்கள் லோடுமேன் பில்லைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க வேண்டும், அந்த வீட்டார் எண்ணிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

"அண்டா நாலு."

"நாலு."

"ஜமக்காளம் பத்து."

"பத்து."

"லோகநாதன் டிமிக்கி ஒன்னு."

எண்ணிக்கொண்டிருந்தவர் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாராம். சுற்றி நின்றது எல்லாம் அவர் பங்காளிகள், மாமன் மச்சான்கள். பாத்திரம் கழுவுகிற அம்மா மட்டும், "அது அடுப்படியிலதாங்க கெடந்துச்சு, பார்த்துட்டு வர்றேன்" என்று உள்ளே போயிருக்கிறாள். அப்போது எங்கள் மாப்பிள்ளை, கையில் குழம்பு வாளியோடு நின்றவர், வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாராம்.

"ஒன்னு. இருக்குது" என்றாராம்.

பாருங்கள் தம்பி, அதுவும் ஒரு பேச்சா? இந்தப் பில் தப்பு என்று அங்கேயே கத்தியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். நானாக இருந்தால் மண்டபமே இரண்டாகியிருக்கும். இவர் கையைத் தூக்கிப் பதில் சொல்லி, ஊரே பரிதாபப்படும்படி செய்துவிட்டார். அமைதியான ஆட்களை நம்பவே கூடாது.

அடுத்த ஞாயிறு கடைக்கு வந்தார். நான் கூப்பிடவே இல்லை. வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார், அந்தக் கட்டத்தை எடுத்தார். என் வீட்டுக்காரி பித்தளை டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. மேலே ஏடு படிகிற வரைக்கும் அப்படியே இருந்தது. எழுந்து போகும்போது, "கட்டத்தை அழிச்சுட்டேன் மச்சான். போட்டது போட்டதுதான், அதை அழிக்க முடியாது" என்றார். நான் அந்த ஆயுசுக் கணக்கைச் சொல்கிறார் என்று நினைத்து, இன்னும் எத்தனை கட்டம் பாக்கி இருக்கும் மாப்பிள்ளை என்று கேட்டேன். வண்டியைக் கிளப்பிவிட்டார்.

என் வீட்டில் என் பெண்டாட்டி போட்ட காப்பியை ஒருத்தர் தொடாமல் போனால் அவமானம் யாருக்கு? சொல்லுங்கள். எனக்குத்தானே? அதை யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். என் வீட்டுக்காரிகூட, அந்தக் காப்பியை நீங்களே குடிங்க என்று என் முன்னால் தள்ளிவிட்டுப் போனாள்.

ஆடிக்கு அழைத்தேன், வரவில்லை. தங்கச்சி மட்டும் தலையைக் காட்டிவிட்டுப் போனாள். பிள்ளையைக் கூட்டி வரவில்லை. மகிழினி என்று பேர் தம்பி. நாலு வயசு. நான் கடையில் இருந்தால் நேராக வந்து சின்ன அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மாமா, மூடி போடு என்று சொல்லும். மூடி போட்டால் உள்ளேயிருந்து தட்டும். அண்டா அடிபடுகிறதே என்று நான் கத்துவேன், அது இன்னும் பலமாகத் தட்டும். என் கத்தலுக்குப் பயப்படாத சீவன் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான். இப்போது அந்த அண்டாவை வாடகைக்கு விடுவதில்லை. அடிபட்டுச் சப்பையாகிவிட்டது, வேறு காரணம் எதுவும் இல்லை.

காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டாமா? போனில் அழைத்தாள். "அண்ணா, வர்றதுன்னா வா. சீரு வேணாம், நீ வா. ஆனா அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. சொன்னாத்தான் உன் மடி" என்றாள். ஒரு வார்த்தை எதற்கு? தப்பு பட்டனுடையது. பட்டன் போட்டது யார்? கிளையைப் பிடித்துக்கொண்டு போனால் வேர் எங்கே போய் நிற்கிறது பார்த்தீர்களா? நியாயமாக அவர்தான் என்னிடம்...

இருங்கள், போன். அவள்தான்.

சொல்லும்மா. பஸ்ஸுலதான் வர்றேன். வேனு என்ன ஆச்சுன்னு உங்க அண்ணியவே கேளு... என்ன, ஆசாரி வந்துட்டாரா? பாப்பா என்ன பண்ணுது?... மாமா எங்கேன்னு கேக்குதா? ... ம். ... சரி, உங்க வீட்டுக்காரர் என்னதான் சொல்றாரு? ... என்னது? மைக்குலயா? கோயில் மைக்குலயா? சொந்தபந்தம் அத்தனை பேரு முன்னாடியும், மூணு தடவையா?

கேட்டீர்களா தம்பி அநியாயத்தை?

ஏம்மா, நான் மன்னிப்புக் கேக்க வர்றனா, பஞ்சாயத்துத் தேர்தல்ல நிக்கறனா? மைக்கெல்லாம் ஆகாதுன்னு சொல்லு. ... கேட்டியா? என்ன சொல்றாரு? மைக்கு வேணாமா? அது. ஆனா மூணு தடவை. மூணெல்லாம் ரொம்ப அதிகம், ஊருல கேட்டுப் பாரு, யாரும் அந்த அளவுக்குக் கேக்கறதில்ல. ஒன்னு. ... ரெண்டா? சும்மா பேசாதேன்னு சொல்லு, எனக்குத் தெரியும், அவரே ஒன்னுக்கு வந்துருவாரு. ... பார்த்தியா, வந்துட்டாரா?

இப்ப ஆளுங்க. அத்தனை பேரு முன்னாடியும் முடியாது. பங்காளிங்க மட்டுமா? பங்காளிங்க எத்தனை பேரு? அவ்வளவு பேரா? ஆகாது. அவங்க அம்மா முன்னாடியா? அந்தம்மாவுக்குக் காது கேக்காது, நான் கத்திச் சொல்லணும், அப்பறம் மைக்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? ... அவருகிட்ட மட்டும். கோயிலுக்குப் பின்னால வேப்பமரம் இருக்குதில்ல, அங்க. காதோட. அதான் கடைசி விலை. முடியும்னா முடியும், இல்லீனா நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பிருவேன். ... ஒத்துக்கிட்டாரா? உடனேயா?

அப்பறம் கொசுறு ஒன்னு. அடுத்த வாரம் அவரு நம்ம வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கணும். ஏடு படியறதுக்குள்ள. ... ம். அங்க யாரு சிரிக்கறது? அவரா? சிரிக்கட்டும். கனகராஜை வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுப் போயிப் பந்திக்கு எலை போடச் சொல்லு. வெக்கறேன்.

பார்த்தீர்கள் அல்லவா தம்பி? எங்கே ஆரம்பித்தார், எங்கே வந்து நின்றார். மைக், மூன்று தடவை, சொந்தபந்தம் மொத்தம். நான் ஒரு தடவை, ஒரு காது, ஒரு மரம் என்று இறக்கிவிட்டேன். கூடவே ஒரு காப்பி. படித்து என்ன பிரயோசனம், எதிராளி எங்கே வந்து நிற்பான் என்று தெரிய வேண்டாமா? பாவம், தோற்றுப்போனவர் வேறு எப்படிச் சிரிப்பார்?

அந்த வளைவு தெரிகிறதே, அதுதான் என் ஸ்டாப். காலை ஒதுக்குங்கள், பாவாடை கசங்கிவிடும். கண்டக்டர், நிறுத்தி இறக்கி விடுங்க, சீர் கொண்டுபோற தாய்மாமன்.

போகிற போக்கில் ஒன்று கேட்கிறேன் தம்பி, நீங்கள் நாலு இடம் போய் வந்தவர். அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. எப்படி ஆரம்பிப்பது? ... 'நான் செஞ்சது தப்புத்தான் மாப்பிள்ளை, மன்னிச்சுக்குங்க' என்றா? அவ்வளவுமா?

இதில் கொஞ்சம் குறைத்துச் சொல்ல முடியாதா?